வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை: சென்னையில் 500 மீட்டர் சாலையை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உகந்ததாக்கும் முழுமையான வழிகாட்டி

சென்னையில் நடைபாதையே இல்லை என்று அலுத்துக்கொள்வது நம் வழக்கம். உண்மையில் பல சாலைகளில் அது இருக்கிறது; பத்துப் பதினைந்து தப்படிக்கு ஒருமுறை அறுந்துபோகிறது என்பதுதான் சிக்கல். ஒரு மின்பெட்டி, ஒரு வீட்டுக் காருக்கான சரிவு, மூடியில்லாத ஒரு மேன்ஹோல், அதில் எச்சரிக்கைக்காக யாரோ செருகிவைத்த வேப்பங்கிளை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்ததும் நடப்பவர் சாலையில் இறங்குகிறார். இரண்டு முறை இறங்கி ஏறியவர் மூன்றாவது முறை ஏறுவதில்லை. அதற்குப் பிறகு அந்த நடைபாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும், எவ்வளவு விலையுயர்ந்த கல் பதித்திருந்தாலும், அதில் பைக்குகள்தாம் நிற்கும்.

ஆகவே இந்த வழிகாட்டி நகரம் முழுவதையும் மாற்றுவது பற்றியதன்று. ஒரு குடியிருப்போர் குழு, தன் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், பள்ளி, சந்தை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்குச் செல்லும் 500 மீட்டரை எடுத்துக்கொண்டு, அதை எங்கும் அறுபடாத ஒரே பாதையாக மாற்றவைப்பது எப்படி என்பதே இதன் பொருள். மேற்கு மாம்பலத்தில் ஆறு பேராக நாங்கள் இதில் இறங்கியபோது தெரிந்துகொண்டவையும், தெரியாமல் சொதப்பியவையும் இதில் உண்டு.

தொடங்கும் முன் ஒரு செய்தி. நம் பக்கம் சட்டம் இல்லை என்ற எண்ணம் தவறு. மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் 60 சதவீதத்தை நடப்பதற்கும் சைக்கிளுக்கும் தேவையான கட்டமைப்புக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் இலக்கு. தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. கடைசியாக, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதை, நாட்டின் சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் தன் 103ஆம் எண் வழிகாட்டு நெறியில் அச்சிட்டே வைத்திருக்கிறது. எனவே நீங்கள் கேட்கப்போவது சலுகை அன்று, ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றுதான்.

1. பாதையைத் தேர்ந்தெடுத்தல்

மிக மோசமான சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதிகம் பேர் நடக்கும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். காலை ஏழரை மணிக்குப் பள்ளிப் பையுடன் பிள்ளைகளும், எட்டு மணிக்கு ரயிலைப் பிடிக்க ஓடுபவர்களும், மாலையில் காய்கறிப் பையுடன் திரும்புபவர்களும் பயன்படுத்தும் ஒரே கோடு எது என்று பாருங்கள். இரு முனைகளிலும் தெளிவான ஓர் இடம் இருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத பாதைக்கு மனு எழுதுவதும் கடினம்.

2. நாடாவோடு நடத்தல்

இதுதான் முழு வேலையின் உயிர் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தேவையானவை ஐந்து மீட்டர் அளவு நாடா, ஒரு நோட்டு, கைப்பேசி, ஒரு சக்கர நாற்காலி அல்லது குழந்தையைத் தள்ளும் வண்டி. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். நல்ல கால்களோடு நடப்பவர் கண்ணுக்கு ஐந்து அங்குல மேடு தெரிவதே இல்லை. வண்டியைத் தள்ளுபவர் கைக்கு அரை அங்குலமும் தெரியும்.

ஒருவர் நடைபாதையில் மட்டுமே செல்வது என்ற உறுதியோடு நடக்க வேண்டும். அவர் சாலையில் இறங்க நேரும் ஒவ்வோர் இடத்தையும் இன்னொருவர் வரிசை எண் இட்டுக் குறிக்க வேண்டும். எதனால் இறங்கினார், அந்த இடத்தில் மிச்சமிருக்கும் அகலம் எத்தனை சென்டிமீட்டர், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே என்ற மூன்றும் போதும். எங்கள் 500 மீட்டரில் 31 இடங்கள் தேறின. அந்த 31 என்ற எண், பிற்பாடு நாங்கள் எழுதிய எல்லாக் கடிதங்களையும்விட அதிகம் பேசியது. ‘நடைபாதை மோசமாக இருக்கிறது’ என்ற புகாருக்கு ‘பார்க்கிறோம்’ என்பது பதில். ‘31 இடங்களில் இறங்க வேண்டியிருக்கிறது, பட்டியல் இதோ’ என்றால் எதிரில் இருப்பவர் கண்ணாடியைத் தேடி எடுக்கிறார்.

ஒரு தடையை நெருக்கமாகப் பார்க்கலாம். பைக்குகள் ஏறாதிருக்க நடைபாதையின் முனையில் இரும்புத் தூண்கள் நட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். நாடாவை வைத்துப் பார்த்தால் இரு தூண்களுக்கும் இடையே 62 சென்டிமீட்டர். ஸ்கூட்டர் சற்று வளைந்து உள்ளே போய்விடுகிறது. சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் வேண்டுமாதலால் அது வெளியே நிற்கிறது. யாரைத் தடுக்க நட்டார்களோ அவர் நுழைகிறார், யாருக்காக நட்டார்களோ அவர் நுழைய முடியவில்லை. இத்தகைய இடங்களைப் படம் எடுக்கும்போது நாடா தெரியும்படி எடுங்கள்.

இதே நடையை இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும், நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் நடக்க வேண்டும். எந்த விளக்கு எரியவில்லை என்பது இரவில் தெரியும். மழை பெய்த மறுநாள், பேருந்து நிறுத்தத்தின் முன் எவ்வளவு நீளத்துக்குத் தண்ணீர் தேங்குகிறது என்பது வரைபடமே போட்டதுபோல் விளங்கும்.

3. எண்ணுதல்

ஒரு வேலைநாள் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஒரே இடத்தில் நின்று நடப்பவர்கள், சைக்கிள்கள், இருசக்கர வண்டிகள், கார்கள், பேருந்துகள் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுங்கள். வண்டிகளை மட்டும் எண்ணும் பழக்கம் அரசு ஆய்வுகளில்கூட உண்டு. நீங்கள் மனிதர்களை எண்ணுங்கள். நடப்பவர்களில் பெண்கள், முதியோர், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டால் போதும். இதற்கு மேல் புள்ளிவிவரம் சேர்ப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

4. சாலை யாருடையது என்று அறிதல்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. சரியான மனு தவறான மேசைக்குப் போய், அங்கிருந்து ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்ற முத்திரையுடன் மூன்று மாதம் கழித்துத் திரும்பும். எங்களுக்கும் அப்படி ஒரு பருவமழைக் காலமே வீணாயிற்று.

பெருநகர சென்னை மாநகராட்சி பல மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகத்தின் பொறியாளர்கள் கவனிக்கிறார்கள். பேருந்து ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை உண்டு. அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன; ராஜீவ் காந்தி சாலையைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் பராமரிக்கிறது. மெட்ரோ ரயில் பணி நடக்கும் இடங்களில், பணி முடியும்வரை தடுப்புக்கு வெளியே நடக்கும் வழியை யார் தர வேண்டும் என்பதைத் தனியே கேட்க வேண்டும்.

சாலை ஒருவருடையது என்றால் அதன்மேல் இருப்பவை அனைத்தும் அவருடையவை என்று பொருளில்லை. டிரான்ஸ்பார்மரும் மின்பெட்டியும் மின்வாரியத்தின் வசம். பாதாளச் சாக்கடையின் மூடி குடிநீர் வாரியத்தின் வசம். மழைநீர் வடிகாலின் மூடி மாநகராட்சியின் வசம். சிக்னலும் வண்டி நிறுத்தத் தடையும் போக்குவரத்துக் காவல் துறையின் வசம். உங்கள் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் உரியவர் பெயரை எழுதுங்கள். எங்கள் 31 இடங்களும் ஐந்து அலுவலகங்களுக்குப் பிரிந்தன. அவற்றுள் 14, மூடியையோ உடைந்த கல்லையோ சரிசெய்தாலே தீர்ந்துவிடும் சில்லறை வேலைகள். அவற்றை முதலில் 1913 என்ற மாநகராட்சி எண்ணிலும் அந்தந்தத் துறையிலும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். பெரிய வேலைக்கு அடித்தளம் இந்தச் சிறிய வேலைகள்தாம்.

5. என்ன கேட்பது என்று முடிவு செய்தல்

தடையில்லாமல் நடக்கக் கிடைக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறு அடி. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கத் தேவையான அளவு இது. மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, கடை ஆகிய எதுவும் இந்த ஆறு அடிக்குள் வரக்கூடாது. அவற்றுக்குச் சாலையோரமாகத் தனிப் பட்டை வேண்டும். கடைத்தெருவில் ஆறு அடி போதாது, எட்டு அடிக்கு மேல் கேளுங்கள்.

இது நம் தெருவுக்குப் பொருந்துமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மதிலிலிருந்து மதில் வரை 12 மீட்டர் உள்ள தெருவில் இருபுறமும் 1.8 மீட்டர் வீதம் 3.6 மீட்டரை ஒதுக்கினால் 8.4 மீட்டர் மிஞ்சும். எதிரெதிரே வண்டிகள் போக 6 மீட்டர் தாராளம். மீதியுள்ள 2.4 மீட்டரில் மரமும், தள்ளுவண்டிக் கடையும், சில வண்டிகள் நிற்கும் இடமும் மாறிமாறி வரலாம். 9 மீட்டர் தெருவில் நடைபாதை போட்டால் வண்டி நிறுத்த இடம் இராது. அதை அங்கு வசிப்பவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். 6 மீட்டருக்கும் குறைவான சந்துகளில் பிளாட்பாரம் கட்டச் சொல்லாதீர்கள். இரண்டு அடியில் ஒரு திண்டைக் கட்டி, அதில் பூந்தொட்டியும் செருப்பு ஸ்டாண்டும் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு பயன் அதற்கு இராது. அங்கே வேண்டியது வண்டியின் வேகத்தைக் குறைப்பதுதான்.

அடுத்தது உயரம். வழிகாட்டு நெறிப்படி சாலை மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆனால் சென்னையில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் என்பதை மறக்கலாகாது. வடிகாலின் சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் நடைபாதைக்கும் வந்துவிடும். அதனால்தான் சில தெருக்களில் முழங்கால் உயரத்துக்கு ஏற வேண்டியிருக்கிறது. வடிகாலைக் கட்டிய பிறகு நடைபாதையைத் தாழ்த்த வழியில்லை; எனவே வடிகால் வேலைக்குப் பள்ளம் தோண்டும் வாரத்திலேயே, மூடியின் மட்டம் என்னவாக இருக்கும் என்று தளப் பொறியாளரிடம் கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு ஈடான பயன் வேறெதிலும் இல்லை என்பேன்.

வீட்டு வாசல்களுக்கு வருவோம். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் நடைபாதை தாழ்ந்து மறுபடி உயர்ந்தால், நடப்பவர் ஒட்டகத்தின் மேல் போவதுபோல் போக வேண்டும். நடைபாதை மட்டம் மாறாமல் நேராகச் செல்ல வேண்டும். கார் ஏறுவதற்கான சரிவு சாலையோரப் பட்டைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். தெருமுனைகளில் மட்டும் நடைபாதை இறங்கலாம். அங்கே ஓர் அலகு உயரத்துக்கு 12 அலகு நீளம் என்ற கணக்கில் சரிவு அமைய வேண்டும். அதைவிடச் சிறந்தது, உட்தெருக்களின் முனையில் கிராசிங்கையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிடுவது. அப்போது இறங்கி ஏற வேண்டியது வண்டிதான்.

சாலையைக் கடக்குமிடத்தில் சிக்னலின் பச்சை நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கொண்டால் 24 மீட்டர் சாலையைக் கடக்க 20 விநாடி, விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 30 விநாடி. பலகையில் 15 விநாடி ஓடினால், அந்தச் சிக்னல் பாட்டியை நடுச்சாலையில் நிறுத்திவிடும். இதற்கு மாற்றாக நடைமேம்பாலம் கட்டித் தருவதாகச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். 570 மீட்டர் நீளத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையை மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்றால், நெரிசலில் நசுங்காமல் நேராக ஓரிடத்துக்கு அது கொண்டுசேர்க்கிறது என்பதே காரணம். எதிர்ப்புறம் இருக்கும் மருந்துக்கடைக்குப் போக நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்கச் சொன்னால் யாரும் ஏறமாட்டார்கள்.

நிழலை மறந்த நடைபாதை சித்திரை வெயிலில் யாருக்கும் உதவாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகு, நட்டவுடன் வளரும் மென்மரங்களைவிடப் புங்கனும் வேம்பும் பூவரசும் மேல் என்பதைப் பலரும் உணர்ந்திருக்கிறார்கள். இருக்கும் மரத்தின் அடியைச் சுற்றி கான்கிரீட்டால் கழுத்தை நெரிக்காமல் மண் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

6. கடைக்காரர்களிடம் பேசுதல்

நடைபாதை என்றவுடன் ‘கடைகளை அகற்று’ என்று தொடங்குவது எளிது. நியாயமும் அன்று, பயனும் தராது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரக் குழு ஒன்றின் வழியாக இடம் ஒதுக்க வேண்டும். அக்குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். 30 நாள் அறிவிப்பின்றி ஒருவரை அப்புறப்படுத்தலாகாது. எங்கள் பாதையில் இருந்த பூக்கார அம்மாவிடம் நாடாவோடு போய், “அம்மா, கூடையைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கமாகத் தள்ளி வச்சுக்க முடியுமா?” என்று கேட்டோம். “நான் முன்னாடி அங்கதாம்ப்பா உக்காந்திருந்தேன், அங்க கார நிறுத்திட்டாங்க” என்றார். காரை எடுக்கவைத்ததும் அவர் தாமாகவே நகர்ந்துவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு அவருடைய ஒற்றை பல்பு எரிவதால்தான் பல பெண்கள் அந்தப் பக்கமாக நடக்கிறார்கள் என்பதும் எங்களுக்கு எண்ணும்போதுதான் தெரிந்தது.

வண்டிகளின் கதை வேறு. நடைபாதையில் வண்டி நிறுத்துவது விதிமீறல் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் நடைபாதையில் நிற்கும் பைக்குகளில் பாதி, புகார் எழுதும் நம் வீட்டு விருந்தினருடையவை.

7. சைக்கிளுக்கு வழி செய்தல்

அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. சைக்கிள் வந்துவிட்டது, ஓட்டும் இடம்தான் வரவில்லை.

உட்தெருக்களில் தனிப் பாதை தேவையில்லை. வண்டிகள் மெதுவாகப் போனாலே போதும். குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் வேக வரம்பு என்று சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2023 நவம்பரில் அறிவித்தது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. பலகை மட்டும் வைத்தால் யாரும் குறைப்பதில்லை. உயர்த்திய கிராசிங்கும், வளைவில் வேகமெடுக்க முடியாதபடி இறுக்கிக் கட்டிய தெருமுனையும் குறைக்கவைக்கும். தாமாகவே மக்கள் கொட்டிக்கொள்ளும் சிமென்ட் மேடுகளைக் கேட்காதீர்கள். சைக்கிளையும் கர்ப்பிணி ஏறிவரும் ஆட்டோவையும் தூக்கிப்போடுபவை அவைதாம்.

அகலமான சாலைகளில் தரையில் வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள் படம் வரைவது செலவுக் கணக்குக்கு மட்டுமே உதவும். ஒரே வாரத்தில் அது ஆட்டோ ஸ்டாண்டாகிவிடும். ஒருவழிச் சைக்கிள் பாதைக்குக் குறைந்தது 2 மீட்டர் அகலமும், அதற்கும் வண்டிகள் ஓடும் சாலைக்கும் நடுவில் கான்கிரீட் தடுப்பும் வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் இணையாகச் செல்லும் உட்தெருவைச் சைக்கிள் வழியாக்கக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். மழைநீர் இறங்கும் இரும்புச் சல்லடையின் கம்பிகள் பயணிக்கும் திசையிலேயே இருந்தால் சக்கரம் உள்ளே மாட்டும். அவற்றைக் குறுக்காகத் திருப்பிப் போடச் சொல்வது செலவில்லாத திருத்தம்.

8. வெள்ளோட்டம் பார்த்தல்

கான்கிரீட் போடும் முன் கூம்புகளையும் சுண்ணாம்புக் கோட்டையும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கலாம். இதற்குக் காவல் நிலையத்தின் அனுமதி தேவை. இது நமக்குப் புதியதன்று; பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் உலா வரும் நாளில் மயிலாப்பூர் மாட வீதிகள் முழுவதும் நடப்பவர்களுடையவைதாம், ஊர் ஒன்றும் நின்றுவிடுவதில்லை. தியாகராய சாலையில் 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்படும் முன்பும் ஒத்திகை நடத்தித்தான் பார்த்தார்கள்.

9. மனு, பகுதி சபை, தகவல் உரிமை

மனு ஒரே பக்கம் இருக்கட்டும். எங்கிருந்து எங்கே, எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை இடத்தில் இறங்குகிறார்கள், இந்த அலுவலகத்தின் பொறுப்பில் வரும் இடங்கள் எவை என்ற நான்கும் போதும். பட்டியலும் படங்களும் இணைப்பு. நகலை வார்டு கவுன்சிலருக்கும் மண்டல அலுவலருக்கும் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். உங்கள் பகுதி சபை (வார்டின் ஒரு பகுதியில் வசிப்பவர்கள் கூடும் சபை) கூடும் நாளில் இதைத் தீர்மானமாக எழுதவைத்தால் அடுத்த நிதியாண்டின் மதிப்பீட்டில் இடம்பெற வழி பிறக்கும்.

பதில் இல்லையென்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், ஒப்பந்ததாரரின் குறைநீக்கப் பொறுப்புக் காலம் (பழுது வந்தால் அவரே சரிசெய்ய வேண்டிய காலம்) எப்போது முடிகிறது என்று ஆவணமாகக் கேளுங்கள்.

10. வேலை நடக்கும்போது அங்கே இருத்தல்

ஒப்புதல் வந்ததும் இனிப்பு வாங்கப் போய்விடுவதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. திரும்பி வந்தபோது ஒரு மரத்தின் அடிவரை பேவர் பிளாக் பதித்து முடித்திருந்தார்கள். தினமும் ஒருவர் பத்து நிமிடம் போய் நின்று, கற்களுக்கு அடியில் மணல் சமப்படுத்தப்படுகிறதா, ஓரக் கல் நேராக நிற்கிறதா, தரை வடிகால் பக்கமாக இலேசாகச் சாய்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் சாய்மானம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மேஸ்திரியிடம் மரியாதையாகப் பேசி, வெயிலுக்கு மோர் கொடுத்தால், தூண்களுக்கிடையே 90 சென்டிமீட்டர் விடச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்வார்.

11. பிறகு வரும் வெட்டுகள்

புதிய நடைபாதைக்கு முதல் எதிரி கேபிள் பள்ளம். இரண்டாவது, பழைய தாரைச் சுரண்டி எடுக்காமலே அதன்மேல் போடப்படும் புதுத் தார். ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் உயர, 15 சென்டிமீட்டர் நடைபாதை சாலையோடு சமமாகி, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வேலை முடிந்த நாளிலேயே ஐந்து இடங்களில் நடைபாதையின் உயரத்தை அளந்து, மதிலில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த தார் வேலையின்போது அந்தக் கோடே சாட்சி.

புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒருமுறை முழுப் பாதையையும் நடந்து, ஒவ்வொரு வடிகால் மூடியின் மேலும் குதிகாலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த மூடி ஓசை தராது. ‘டக்’ என்று ஆடும் மூடிக்குச் சாக்பீஸால் எண் இட்டு, நாடாவோடு படம் எடுத்து, அன்றைக்கே 1913இல் பதிவு செய்துவிடுங்கள்; வேப்பங்கிளையைத் தேடிப் போக வேண்டியிராது.